சுடருக்கு மூச்சு முட்டும்போது

டொராண்டோவில் மே மாதம் பிறந்துவிட்டால், குளிர்காலம் முழுக்க உறைக்குள் கிடந்த கேஸ் பார்பிக்யூ அடுப்புகள் ஒவ்வொன்றாக வெயிலுக்கு வரும். சிலிண்டரைப் பூட்டித் திருகைத் திருப்பிப் பற்றவைப்பார்கள். போன அக்டோபரில் ஒழுங்காக எரிந்த அடுப்புதான். இப்போது ஒரு பர்னர் மட்டும் மஞ்சளாகச் சோம்பி எரியும், கோழித் துண்டுகளின் அடியில் கரி அப்பும். சில வீடுகளில் இன்னும் மோசம்: நெருப்பே இருக்கக்கூடாத இடத்தில், திருகுகளுக்குப் பின்னால், குப்பென்று தீ தெரியும். கேஸ் சரியில்லை, அடுப்புக்கு வயதாகிவிட்டது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பர்னர் குழாய்க்குள் ஒரு சிலந்தி குடியிருந்திருக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. ஆனால் பார்பிக்யூ பழுதுகளில் இது மிகப் பழக்கமான ஒன்று. அடுப்போடு வரும் கையேடுகளே சிலந்தியைப் பெயர் சொல்லி எச்சரிக்கின்றன.

இத்தனை சிறிய பூச்சி இவ்வளவு பெரிய அடுப்பை எப்படி முடக்குகிறது? அதற்கு அந்த அடுப்பு எப்படிக் காற்றை இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

புரொப்பேன் வாயு ஒரு பங்கு முழுமையாக எரிய, ஏறத்தாழ 24 பங்கு காற்று வேண்டும். அடுப்பிலோ மின்விசிறி கிடையாது, காற்றை அழுத்தித் தள்ளும் எந்திரம் எதுவும் கிடையாது. திருகுக்குப் பின்னால் பித்தளையில் செய்த ஒரு சிறு நுனி இருக்கிறது. அதன் நடுவில் சுமார் 1 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை. வாயு அந்தத் துளை வழியே பீறிடும்போது அதன் வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்தப் பீறல் போகிற போக்கில் தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் வாரிக்கொண்டு பர்னர் குழாய்க்குள் நுழைகிறது. குழாயின் வாயில் காற்றுக்கென்றே பக்கவாட்டில் திறப்புகள் விட்டிருப்பார்கள். இத்தாலிய இயற்பியலாளர் ஜோவான்னி பத்திஸ்தா வெஞ்சூரி, ஓடும் நீர் பக்கத்து நீரை எப்படி இழுத்துச் செல்கிறது என்று ஆராய்ந்து 1797-ல் ஒரு நூல் வெளியிட்டார். குழாயின் அந்தப் பகுதிக்கு இன்றும் அவர் பெயர்தான். தேவையான காற்றில் ஏறக்குறைய பாதி இங்கேயே வாயுவோடு கலந்துவிடுகிறது. மீதியைச் சுடர் எரியும்போது சுற்றிலுமிருந்து எடுத்துக்கொள்கிறது.

சிலந்தி வலை பின்னுவது சரியாக இந்த வாயிலில். காற்று போக வேண்டிய திறப்பு பாதி அடைபட்டால், வாயு வந்துகொண்டே இருக்கும், துணைக்கு வர வேண்டிய காற்று வராது. சுடர் மஞ்சளாகும். குழாயின் உட்புறமே அடைபட்டால் கலவைக்கு முன்னே போக வழியில்லை. அது வந்த வழியே திரும்பி, காற்றுத் திறப்பு வழியாக வெளியே கசிந்து, திருகுகளுக்குப் பின்னால் பற்றிக்கொள்ளும். கட்டுப்பாட்டுப் பலகையே உருகும் அளவுக்குச் சூடேறும் விபத்து இப்படித்தான் நிகழ்கிறது.

பெட்ரோல் போன்ற ஹைட்ரோகார்பன்களின் வாசனை சிலவகைச் சிலந்திகளை ஈர்க்கலாம் என்பதற்குக் கார் உலகில் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 2011-ல் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் சுமார் 65,000 கார்களைத் திரும்ப அழைத்தது. பெட்ரோல் டேங்கின் காற்றுக்குழாயில் மஞ்சள் நிறச் சிலந்தி ஒன்று வலை கட்டுவதும், அதனால் டேங்கில் அழுத்தம் மாறி விரிசல் விழக்கூடும் என்பதும்தான் காரணம். 2014-ல் அதே சிலந்திக்காக இன்னொரு முறை அழைக்க வேண்டியிருந்தது. பார்பிக்யூவின் குழாய் இருட்டாக, காற்றோட்டமாக, மாதக்கணக்கில் ஆள் தொடாமல் கிடக்கிறது. சிலந்திக்கு வேறென்ன வேண்டும்?

செய்ய வேண்டியது எளிது. சிலிண்டரை மூடி, அடுப்பு ஆறிய பிறகு பர்னரைக் கழற்றுங்கள். பால் புட்டி கழுவும் தூரிகை போன்ற நீளமான, வளையக்கூடிய தூரிகையை ஒரு முனையில் விட்டு மறுமுனை வரை இழுங்கள். பர்னரின் மேலுள்ள சிறு துளைகளைத் துளைக்கு அடங்கும் மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யலாம், அகலப்படுத்தக் கூடாது. திரும்ப மாட்டும்போது பித்தளை நுனி பர்னர் குழாயின் வாய்க்குள் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். கோணலாக உட்கார்ந்த பர்னர் சிலந்தியைவிட ஆபத்து.

துளைகளை ஏன் அகலப்படுத்தக் கூடாது? அங்கே நொடிதோறும் ஒரு பந்தயம் நடக்கிறது. புரொப்பேனும் காற்றும் கலந்த கலவையில் தீ நொடிக்கு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் வேகத்தில் கலவையை நோக்கி நகரும். கலவையோ துளையிலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது. வெளியேறும் வேகம் மிகக் குறைந்தால் தீ துளை வழியே உள்ளே இறங்கிவிடும். மிகக் கூடினால் சுடர் பர்னரை விட்டு எழும்பி, உறுமலோடு நடுங்கி, அணைந்தும் போகும். இரண்டுக்கும் நடுவில், துளையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சுடர் அசையாமல் நிற்கிறது. நாம் சிம்மில் வைக்கும்போதும் முழுதாகத் திறக்கும்போதும் சுடர் இந்த எல்லைக்குள்ளேயே இருக்கும்படி துளைகளின் அளவைக் கணக்கிட்டிருக்கிறார்கள். துளை போதுமான அளவு குறுகலாக இருந்தால் அதன் உலோகச் சுவர் தீயின் வெப்பத்தை உறிஞ்சி, உள்ளே இறங்க விடாமல் தடுத்துவிடும். 1815-ல் ஹம்ஃப்ரி டேவி இதே உண்மையை வைத்துத்தான் நெருப்பைக் கம்பி வலைக்குள் அடைத்த சுரங்க விளக்கைச் செய்தார்.

காற்றோடு முன்கூட்டியே கலந்து எரிக்கும் இந்த முறை ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ராபர்ட் புன்சனுக்குத் தன் புதிய ஆய்வுக்கூடத்தில் கரி படியாத, சூடான, நிறமற்ற சுடர் வேண்டியிருந்தது. அங்கே கருவிகள் செய்துவந்த பீட்டர் தேசாகா, 1855-ஐ ஒட்டி அதைச் செய்து கொடுத்தார். பள்ளி வேதியியல் கூடத்தில் நாம் பற்றவைத்த அதே புன்சன் அடுப்புதான். பார்பிக்யூவின் பர்னர் அதைப் படுக்கையாகப் போட்டு நிறையத் துளைகள் இட்ட வடிவம்.

நிறத்துக்கு வருவோம். போதிய காற்று கிடைத்தால் புரொப்பேன் மூலக்கூறுகள் சிதைந்து எரியும்போது, நொடியின் மிகச் சிறு பகுதி மட்டுமே வாழும் துணுக்குகள் உண்டாகின்றன. கார்பன் அணுவும் ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்தவை சில, இரு கார்பன் அணுக்கள் சேர்ந்தவை சில. அவை உமிழும் ஒளிதான் நாம் காணும் நீலமும் நீலப்பச்சையும். காற்று குறைந்தால் கார்பன் முழுமையாக எரியாமல் கரித்துகள்களாகத் திரண்டு, சூட்டில் தகதகக்கிறது. அதுதான் மஞ்சள். மெழுகுவத்தி வெளிச்சம் தருவதும் இதனால்தான். விளக்குக்கு மஞ்சள் சுடர் நல்லது. சமையலுக்கு அது வீண், கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். நிறமோ மணமோ இல்லாத அந்த நச்சுக்காகத்தான், மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் பார்பிக்யூவைக் கார் கொட்டகைக்குள்ளோ வீட்டுக்குள்ளோ ஏற்றக் கூடாது என்கிறார்கள். கொட்டகையின் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்ற நினைப்பு பல குடும்பங்களை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறது.

ஆனால் மஞ்சளைப் பார்த்ததும் பர்னரைக் கழற்ற ஓடவும் வேண்டாம். இறைச்சியில் தடவிய உப்பு சொட்டி விழுந்தாலும் சுடரில் மஞ்சள் மின்னும். அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். புன்சனும் குஸ்தாவ் கிர்க்ஹாஃபும் இப்படிச் சுடரில் தெரியும் நிறங்களைப் பட்டகத்தின் வழியே பிரித்துப் பார்த்தே 1860-ல் சீசியத்தையும், அடுத்த ஆண்டு ருபீடியத்தையும் கண்டுபிடித்தார்கள். இறைச்சியை எடுத்துவிட்டுக் காலி அடுப்பைச் சில நிமிடம் எரியவிட்டுப் பாருங்கள். நீலமும் நுனியில் மட்டும் லேசான மஞ்சளும் இருந்தால் பர்னர் நலம். சுடர் முழுக்க மஞ்சளாக நாக்கை நீட்டினால் காற்று குறைவு. உறுமிக்கொண்டு பர்னரை விட்டு எழும்பினால் காற்று அதிகம். சில அடுப்புகளில் காற்றுத் திறப்பின் மேல் நகரும் மூடி ஒன்று இருக்கும். அதன் திருகாணியைத் தளர்த்தி இம்மியளவு நகர்த்தினால் போதும்.

அடுத்த குறை அழுத்தத்தைச் சேர்ந்தது. எல்லாப் பர்னரும் நீலமாகத்தான் எரிகின்றன, ஆனால் உயரமே இல்லை. மூடியைச் சாத்தி அரை மணி நேரம் காத்திருந்தாலும் அடுப்பு 150 டிகிரி செல்சியஸைத் தாண்டவில்லை. சிலிண்டரோ நிறைந்திருக்கிறது. இதில் ஏமாறாதவர் குறைவு.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அமெரிக்க வேதியியலாளர் வால்டர் ஸ்னெல்லிங், பெட்ரோலிலிருந்து ஓயாமல் ஆவியாகித் தப்பும் பொருள் என்னவென்று 1910-ல் ஆராயத் தொடங்கி, அதில் புரொப்பேன் இருப்பதைக் கண்டார். 1913-ல் காப்புரிமையும் பெற்றார். புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி. ஆகவே சாதாரண வெப்பத்தில் அது கொதிக்கவே துடிக்கிறது. உருக்குச் சுவரும் மேலே திரண்ட ஆவியின் அழுத்தமும்தான் அதைத் திரவமாகவே இருத்தி வைக்கின்றன. 20 டிகிரியில் அந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் எட்டு மடங்குக்கும் மேல். அப்படியே பர்னருக்கு விட்டால் அடுப்பு தீப்பந்தமாகிவிடும். ரெகுலேட்டர் அதை, 28 சென்டிமீட்டர் உயர நீர் தன் அடித்தளத்தை அழுத்தும் அளவுக்குக் குறைத்து அனுப்புகிறது. குவளையில் வைத்த உறிஞ்சுகுழாயில் நாம் ஊதினாலே வரும் அழுத்தம்தான் அது. ரெகுலேட்டருக்குள் ஒரு ரப்பர் சவ்வு மேலும் கீழும் அசைந்து இதைச் செய்கிறது. சவ்வின் மறுபக்கம் வெளிக்காற்றோடு தொடர்பில் இருக்க ஊசித்துளை ஒன்று உண்டு. சேறோ பனிக்கட்டியோ பூச்சிக்கூடோ அதை அடைத்தால் அழுத்தம் தாறுமாறாகும்.

நிறைந்த சிலிண்டரிலும் சுடர் எழாமல் போவதற்கு வழக்கமான காரணம் இணைப்பில் உள்ள பாதுகாப்பு அடைப்பான். வட அமெரிக்கச் சிலிண்டர்களின் இணைப்பில், வாயு திடீரென அளவுக்கு மீறிப் பாய்ந்தால் ரப்பர் குழாய் அறுந்துவிட்டது என்று கருதி ஓட்டத்தைச் சொட்டுச் சொட்டாகக் குறைத்துவிடும் அமைப்பு இருக்கிறது. பர்னர் திருகு திறந்திருக்கும்போது சிலிண்டரைத் திறந்தாலோ, சிலிண்டரை ஒரே வீச்சில் வேகமாகத் திறந்தாலோ, அது உண்மையான உடைப்பு என்றே எடுத்துக்கொள்ளும். எல்லாத் திருகுகளையும் சிலிண்டரையும் மூடுங்கள். ரெகுலேட்டரைக் கழற்றி ஓரிரு நிமிடம் விட்டு மறுபடி பூட்டுங்கள். சிலிண்டரை மெல்ல, மிக மெல்லத் திறந்து, குழாயில் வாயு நிரம்பச் சில நொடி கொடுத்து, அதன் பிறகு பர்னரைத் திறங்கள். ஐந்து நிமிட வேலை. இது தெரியாமல் புது ரெகுலேட்டரும் புது அடுப்பும் வாங்கியவர்கள் உண்டு. அப்படிச் செய்தும் அடைப்பான் திரும்பத் திரும்ப விழுந்தால், உண்மையிலேயே கசிவு இருக்கலாம். அப்போது அடைப்பானை நம்புங்கள்.

சிலிண்டருக்குள் இருக்கும் திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைப் புரொப்பேன் சிலிண்டரின் உருக்கிலிருந்து, அதன் வழியே சுற்றுக் காற்றிலிருந்து எடுக்கிறது. அதனால்தான் நீண்ட நேரம் எரிந்த சிலிண்டரின் வெளிப்புறம் வியர்க்கிறது, சில நாளில் வெண்பனியும் படிகிறது. அந்த வியர்வை திரவம் எட்டும் உயரம் வரைதான் இருக்கும். உள்ளே எவ்வளவு மீதி என்று அறிய இதையே பயன்படுத்தலாம்: ஒரு கோப்பை வெந்நீரைச் சிலிண்டரின் பக்கவாட்டில் ஊற்றி, மேலிருந்து கீழாக விரலால் தடவுங்கள். வெதுவெதுப்பு முடிந்து சில்லிடும் இடம் திரவத்தின் மட்டம்.

டொராண்டோவின் ஜனவரியிலும் பார்பிக்யூ எரிய முடிவது புரொப்பேனின் கொதிநிலையால்தான். மைனஸ் 20-லும் அதன் ஆவிக்கு வளிமண்டலத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் அழுத்தம் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சமையலறைக்கு வரும் சிவப்புச் சிலிண்டரில் பியூட்டேனும் புரொப்பேனும் கலந்திருக்கும். பியூட்டேனின் கொதிநிலை ஏறத்தாழ பூஜ்யம் டிகிரி. நம் வெயிலுக்கு அந்தக் கலவை மிகப் பொருத்தம். கனடாவின் பனியில் வைத்தால் பியூட்டேன் சிலிண்டரின் அடியில் திரவமாகவே கிடக்கும்.

கசிவைப் பற்றிச் சொல்லாமல் இந்த அடுப்பைப் பற்றிப் பேசுவது பொறுப்பாகாது. தூய புரொப்பேனுக்கு மணமில்லை. அழுகிய முட்டைக்கோசு போல மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. 1937 மார்ச் 18 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளியில், தரைக்கடியில் கசிந்து திரண்டிருந்த இயற்கை எரிவாயு ஒரு மின்கருவியின் பொறியில் வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள். அந்த வாயுவுக்கு மணமில்லாததால் கசிவு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகே எரிவாயுவில் நாற்றம் சேர்ப்பது சட்டமாயிற்று. புரொப்பேனில் சேர்க்கும் எத்தில் மெர்காப்டனை, காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். காற்றில் புரொப்பேன் 2.1 விழுக்காட்டை எட்டினால்தான் பற்றும். அதில் ஐந்திலொரு பங்கு இருக்கும்போதே நாற்றம் தெரிய வேண்டும் என்பது விதி.

இந்த நாற்றத்தை நம்மைவிட ஆவலாகத் தேடும் பறவை ஒன்று உண்டு. அமெரிக்கக் கண்டங்களில் வாழும், சிவந்த மொட்டைத் தலையுடைய ஒரு பிணந்தின்னிக் கழுகு. அழுகும் உடல்களிலிருந்து வெளிவரும் பொருள்களில் எத்தில் மெர்காப்டனும் ஒன்று. எரிவாயுக் குழாய் கசியும் இடத்துக்கு மேலே இக்கழுகுகள் வட்டமிடுவதைக் கலிஃபோர்னியா எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் கவனித்து, கசிவைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்ட பறவையியலாளர் கென்னத் ஸ்டேகர் ஆய்வுகள் நடத்தி, இக்கழுகு மோப்பம் பிடித்தே இரை தேடுகிறது என்று 1964-ல் நிறுவினார். அதுவரை பறவைகளுக்கு மோப்ப சக்தியே கிடையாது என்று பலர் நம்பியிருந்தார்கள்.

நம் மூக்கை மட்டும் நம்பிவிட முடியாது. சளி பிடித்திருக்கலாம். துருப்பிடித்த சிலிண்டரில் துருவே நாற்றப்பொருளைத் தின்று தீர்த்துவிடலாம். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தவழ்ந்து பள்ளங்களில் தேங்கும், முகத்தின் உயரத்துக்கு வராமலும் போகலாம். அதனால் ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் குழைத்து, சிலிண்டர் வாயிலும் ரெகுலேட்டர் பூட்டிலும் ரப்பர் குழாய் நெடுகிலும் தூரிகையால் தடவுங்கள். பர்னர்களை மூடியபடி சிலிண்டரைத் திறந்தால், கசியும் இடத்தில் குமிழி பெருகும். தீக்குச்சியைக் கொளுத்திச் சோதிப்பவர்களைப் பார்த்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

பற்றவைக்கும் பொத்தானைப் பற்றிச் சுருக்கமாக. அதை அழுத்தும்போது உள்ளே ஒரு சிறு சுத்தியல் பீங்கான் துண்டு ஒன்றை அடிக்கிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் 1880-ல் கண்டறிந்தார்கள். அந்த அடியில் பல ஆயிரம் வோல்ட் பிறந்து, சில மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகிறது. காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். முனை வளைந்து இடைவெளி கூடினாலோ, ஈரமோ எண்ணெய்க் கரியோ படிந்து மின்சாரம் வேறு வழியில் ஓடினாலோ பொறி வராது. துடைத்து நிமிர்த்தினாலே பல பொத்தான்கள் உயிர் பெறும். மூடியைத் திறந்து வைத்தே பற்றவையுங்கள். சில நொடியில் பற்றாவிட்டால் திருகை மூடி, ஐந்து நிமிடம் வாயு கலையவிட்டு மறுபடி முயலுங்கள்.

மூடியின் உட்புறத்திலிருந்து கறுப்புச் செதில்கள் உரிந்து சாப்பாட்டில் விழுவதைக் கண்டு, பெயின்ட் உதிர்கிறது என்று பலர் அஞ்சுகிறார்கள். அவை பெரும்பாலும் கொழுப்பின் ஆவியும் புகையும் அடுக்கடுக்காகப் படிந்து கரியானவை. சுரண்டி எடுத்துச் சோப்புநீரால் கழுவினால் தீர்ந்தது. பெரிய கவலை கீழே இருக்கிறது. அடித்தட்டில் தேங்கும் கொழுப்பு பற்றினால் சிலிண்டர் திருகுக்கே எட்ட முடியாத தீயாகும். அதன் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. நீர் நொடியில் நீராவியாகி 1,700 மடங்கு விரிந்து, எரியும் கொழுப்பை நாலாபக்கமும் வீசும். பர்னரை அணைத்து, முடிந்தால் சிலிண்டரையும் மூடி, மூடியைச் சாத்திக் காற்றை நிறுத்துங்கள். கொழுப்புத் தட்டை மாதம் ஒருமுறை வழித்துக் கொட்டினால் இந்த நாள் வராது.

கம்பித் தட்டியைத் தேய்க்கும் உலோகத் தூரிகையிலும் கண் வையுங்கள். அதிலிருந்து கழன்ற மயிரிழைக் கம்பிகள் இறைச்சியில் ஒட்டி வயிற்றுக்குள் போய், அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஆறு பேருக்குக் காயம் ஏற்படுத்தியதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-ல் வெளியிட்டது. தொண்டையில் குத்தியவை சில, குடலைத் துளைத்தவை சில. தட்டி சூடாக இருக்கும்போதே அரை வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேய்த்தாலும் பிசுக்கு விடும். தூரிகைதான் வேண்டுமென்றால், தேய்த்த பின் ஈரத்துணியால் தட்டியை இருபுறமும் துடைத்து, அந்தத் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ஒரே ஒரு கம்பி மின்னினாலும் தூரிகையைத் தூக்கி எறியுங்கள்.